ஹாக் கேட்டதற்கு நாம் பதில் எழுதவில்லை

ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் என்ற பெயரை நம்மில் பெரும்பாலோர் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருப்போம். சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் வாழ்க்கை வரலாற்றில், அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்த பகுதியில், ‘பேராசிரியர் ஹாக்’ என்று ஒரு வரி வரும். மாணவரின் ஆய்வுரையைப் பாராட்டிச் சான்று எழுதிக் கொடுத்தவர் என்று அந்த வரி சொல்லும். அடுத்த வரியில் ராதாகிருஷ்ணன் வேலைக்குப் போய்விடுவார். ஹாக் அதன்பின் தலைகாட்ட மாட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் சென்னையில் இருந்து, இந்த ஊர் மாணவர்களின் கேள்விகளிலிருந்தே தன் சிந்தனையை வளர்த்தெடுத்த ஒரு கிறிஸ்தவத் தத்துவ அறிஞருக்கு நாம் கொடுத்த இடம் அந்த ஒரு வரிதான்.

‘நாம்’ என்று சொல்லும்போது தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளில் வளர்ந்தவர்களை நினைக்கிறேன். மிஷன் பள்ளியில் எழுத்து கற்று, மிஷன் கல்லூரியில் பட்டம் வாங்கி, ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டு, சில சமயம் பிரசங்கம் செய்தும் வந்திருக்கிற நாம். மிஷனரிகளை நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரேனியஸ், கால்டுவெல், போப், ஐடா ஸ்கடர், ஏமி கார்மைக்கேல் என்று அடுக்கிக்கொண்டே போவோம். நூற்றாண்டு விழா எடுப்போம், பள்ளிக்குப் பெயர் வைப்போம், மலர் வெளியிடுவோம். பள்ளி கட்டியவரையும் மருத்துவமனை கட்டியவரையும் இலக்கணம் எழுதியவரையும் திக்கற்ற பிள்ளைகளை வளர்த்தவரையும் நாம் மறந்ததில்லை. மறக்கவும் கூடாது. ஆனால் நமக்காக உட்கார்ந்து யோசித்தவரை என்ன செய்வது என்று மட்டும் நமக்குத் தெரியவில்லை. யோசித்ததற்கு நன்றி சொல்லும் வழக்கம் நம் சபைகளில் உருவாகவே இல்லை.

ஹாக் 1875இல் எகிப்தில், அலெக்சாந்திரியாவுக்கு அருகில் பிறந்தார். தந்தை ஜான் ஹாக் அங்கே மிஷனரி. மகன் ஸ்காட்லாந்தில், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். போதகராகும் எண்ணத்தோடு இறையியலும் படிக்கத் தொடங்கினார். நடுவழியில் அவருடைய விசுவாசமே ஆட்டம் கண்டது. மிஷனரி வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. அதிலிருந்து அவர் மீண்டார். ஆனாலும் 1903இல் சென்னைக்கு வந்தபோது அவர் அபிஷேகம் பெற்ற போதகர் அல்ல. தத்துவம் சொல்லிக்கொடுக்க வந்த பேராசிரியர். தன் விசுவாசம் சரிவதை ஒருமுறை பார்த்துவிட்டதால்தான் அடுத்தவர் நம்பிக்கையின் அஸ்திவாரத்தை அவ்வளவு பொறுமையாக ஆராய அவரால் முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

அப்போது கல்லூரி தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில், எஸ்பிளனேடில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. முதல்வர் வில்லியம் மில்லர். வகுப்புகளில் உட்கார்ந்திருந்த மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். மதம் மாறியவர்களை எண்ணிக் கணக்குக் காட்டுவது கல்லூரியின் வேலை அல்ல என்று மில்லர் உறுதியாக இருந்தார். அந்தச் சூழலில் வந்து சேர்ந்த இளம் பேராசிரியர் விரைவிலேயே ஒன்றைக் கவனித்தார். இந்து நெஞ்சம் பாவத்தின் பாரத்தால் முனகிக்கொண்டு இரட்சகரைத் தேடுகிறது என்று ஸ்காட்லாந்துச் சபைகளில் சொல்லியனுப்பியிருந்தார்கள். இங்கே அவர் முன்னால் இருந்த மாணவர்கள் அப்படி எதற்காகவும் முனகவில்லை. அவர்களுக்கு உலகம் நியாயமாகத்தான் நடந்துகொண்டிருந்தது. செய்த வினைக்கு ஏற்ற பலன், பலனுக்கு ஏற்ற பிறவி, அதில் இடறல் எங்கே?

இந்த இடத்தில் எளிய வழிகள் இரண்டு இருந்தன. கர்மக் கோட்பாட்டை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுத் தன் செய்தியைச் சொல்லலாம். அல்லது, உங்கள் தேடல்தான் கிறிஸ்துவில் நிறைவடைகிறது என்று வழுக்கிக்கொண்டு போகலாம். ஹாக் இரண்டையும் செய்யவில்லை. 1904, 1905 ஆண்டுகளில் கல்லூரியின் மாத இதழில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். அவை திரண்டு 1909இல் ‘கர்மமும் மீட்பும்’ என்ற ஆங்கில நூலாக வந்தன.

அந்த நூல் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் நாம் படிக்காமல் விட்டது ஒரு மனிதரின் பெயரை மட்டுமல்ல, ஒரு வாதத்தை.

கர்மக் கோட்பாட்டை ஹாக் முதலில் மரியாதையோடு எடுத்து நிறுத்துகிறார். இந்த உலகில் ஒரு துன்பமும் தகுதியில்லாமல் யார்மேலும் விழுவதில்லை. ஒரு நன்மையும் வீணாவதில்லை. ஒவ்வொரு உயிருக்கும் அதனதன் செயலுக்குச் சரியான அளவில் பலன் வந்து சேருகிறது. இது அறநெறியில் அக்கறையுள்ள மனம் உருவாக்கிய கோட்பாடு என்று அவர் ஒப்புக்கொள்கிறார். குருடாய்ப் பிறந்த குழந்தையைப் பார்த்து ‘இது அநியாயம்’ என்று பதறும் மனத்துக்கு அது ஒரு விடை தருகிறது. அதன்பிறகுதான் தன் கேள்வியை வைக்கிறார். ஒவ்வொருவருடைய துன்பமும் அவரவர் சம்பாதித்தது என்றால், ஒருவர் இன்னொருவருக்காகத் துன்பப்படுவது எப்படிச் சாத்தியம்? குற்றமற்றவர் குற்றவாளிக்காகப் பாடுபடுவதற்கு அந்த உலகில் இடம் ஏது? அப்படிப்பட்ட உலகம் ஒரு நீதிமன்றம்போல மிகச் சரியாக நடக்கலாம். ஆனால் அன்பு தன் மிக உயர்ந்த வேலையைச் செய்ய அங்கே வழியில்லை. மனிதர்கள் ஒருவரோடொருவர் பின்னப்பட்டிருப்பதால்தான் ஒருவர் பாவம் இன்னொருவர்மேல் விடிகிறது. அதே பின்னல் இருப்பதால்தான் ஒருவர் பாடு இன்னொருவரை மீட்கவும் முடிகிறது. உலகம் துல்லியமான கூலி கொடுக்கும் இடமாக இல்லாததே கடவுளின் நோக்கத்துக்கு உகந்தது என்கிறார் ஹாக்.

இங்கே அவர் நின்றிருந்தால் அது ஒரு நல்ல தர்க்கப் பிரசங்கம். ஆனால் அவர் கத்தியைத் தன் பக்கமும் திருப்பினார். சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் விளக்கம் என்ன? பாவத்துக்கு இவ்வளவு தண்டனை, அதை யாராவது செலுத்தியாக வேண்டும், கிறிஸ்து செலுத்தினார், கணக்கு நேரானது. இந்த விளக்கத்தைக் கேட்கும் இந்து மாணவர், இது எங்கள் கர்மக் கணக்குத்தானே, அதிலும் ஒருவர் கடனை வேறொருவர் பெயரில் எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டால் என்ன சொல்வது? ஹாக் அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கப் பார்க்கவில்லை. கிறிஸ்தவம் தன் மீட்பைச் சட்ட மொழியில் சொல்லும்வரை, கர்மக் கோட்பாட்டைவிட மேலான எதையும் அது சொல்லிவிடவில்லை என்பதை அவர் உணர்ந்தார். மீட்பு என்பது தண்டனையை இடம் மாற்றுவது அல்ல. பாவத்தின் நடுவே கடவுளே வந்து நின்று, அதன் முழு வலியையும் தாங்கி, அறுந்த உறவை மீண்டும் தொடங்குவது என்று தன் விசுவாசத்தையே மறுபடி சொல்லிப் பார்த்தார். நூலின் துணைத் தலைப்பிலேயே இந்தக் கடமை இருக்கிறது: இந்து சமயத்தைப் புரிந்துகொள்வதோடு, கிறிஸ்தவத்தை மறுபடி எடுத்துரைப்பது.

ராதாகிருஷ்ணன் ஹாக்கின் வகுப்புகளில்தான் இருந்தார். திருத்தணியில் பிறந்து, வேலூரில் படித்து, அங்கிருந்து சென்னைக்கு வந்தவர். தத்துவத்தை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்ததாகக்கூடச் சொல்ல முடியாது. படித்து முடித்த உறவினர் ஒருவரின் தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன என்பதுதான் காரணம். மிஷனரிகள் இந்து சமயத்தைக் குறைசொல்வதைக் கேட்டுக் கேட்டு உள்ளம் கொதித்தவர், வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை மறுத்து 1908இல் தன் முதுகலை ஆய்வுரையை எழுதினார். வயது இருபது. அதைப் படித்து மதிப்பிட வேண்டியவர் ‘கர்மமும் மீட்பும்’ கட்டுரைகளை எழுதியிருந்த அதே ஹாக். மாணவர் தத்துவச் சிக்கலை நன்றாகப் புரிந்திருக்கிறார், சிடுக்கான வாதத்தை எளிதாகக் கையாளுகிறார் என்று அவர் மனம்விட்டுப் பாராட்டி எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்றை ராதாகிருஷ்ணன் பின்னாளில் பெருமையோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்தக் கதையை நாம் சொல்லும் விதம் ஒன்று உண்டு. ‘பார்த்தீர்களா, எங்கள் கல்லூரி எவ்வளவு பரந்த மனம் கொண்டது!’ பெருமை நமக்கு வந்துவிடுகிறது. ஹாக் கேட்ட கேள்வியும் ராதாகிருஷ்ணன் சொன்ன பதிலும் காணாமல்போகின்றன. அந்த மாணவர் தன் ஆசிரியரைப் பொருட்படுத்தினார். அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டு, வலித்து, படித்து, மறுத்து எழுதினார். ஒரு சிந்தனையாளருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அது. ஹாக்கின் விசுவாசத்தைப் பகிர்ந்துகொண்ட நாம், மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை, படிக்கவே இல்லை.

படிக்காததன் விலையை நாம் எங்கே கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டால், நம் வீட்டுத் துக்கங்களைக் காட்டுவேன். இளம் வயதில் ஒருவர் இறந்துபோகிறார். உடல் வீட்டுக்கு வருமுன்பே திண்ணையில் பேச்சு தொடங்கிவிடும். ‘அப்பன் செய்தது பிள்ளை தலையில் விடிந்தது.’ ‘ஆலயத்துக்கு வந்து எத்தனை நாளாச்சு, ஆண்டவர் சும்மா விடுவாரா?’ ‘காணிக்கை விஷயத்தில் சரியாக இல்லை.’ பிறவிக் குருடனைப் பார்த்து, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டதை யோவான் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார் என்றும் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்கிறோம். குழந்தையில்லாத தம்பதியிடம் ஜெபக் குழுக்கள் என்னென்ன விசாரித்திருக்கின்றன, புற்றுநோய் வந்தவரிடம் ‘அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா’ என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். கேட்டவர்களும் நாம்தான்.

இது கர்மக் கோட்பாடுகூட இல்லை. கர்மக் கோட்பாட்டில் ஒரு கண்ணியம் உண்டு. முற்பிறவியின் வினை யாருக்கும் தெரியாது, ஆகவே யாரும் யாரை நோக்கியும் விரல்நீட்ட முடியாது. நாம் செய்திருப்பது அதைவிட மோசம். மறுபிறவியை மறுத்துவிட்டு, கணக்கை மட்டும் வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் இந்த ஒரு வாழ்க்கைக்குள்ளேயே நேர்செய்ய வேண்டியிருப்பதால், துன்பப்படுகிறவரின் இந்த வாழ்க்கையையே தோண்டுகிறோம். ஆசீர்வாதக் கூட்டங்களில் இதன் மறுபக்கம் ஓடுகிறது: இவ்வளவு கொடு, இவ்வளவு பெறுவாய். மேடைக்கு மேடை கர்மத்தைக் கேலி செய்துகொண்டே, அதன் கூட்டல் கழித்தலை வேத வசனங்களோடு சேர்த்துச் சபைக்குக் கற்றுக்கொடுத்தோம். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சென்னையில் உட்கார்ந்து ஒருவர் இதைப் பிரித்துக் காட்டியிருந்தார். அவர் புத்தகம் இந்த ஊர் நூலகங்களில் இருந்தது.

சாதியிலும் இதுவேதான் நடந்தது. பிறப்பு முன்வினையின் பலன் என்பதால்தான் தீண்டாமை நிலைத்தது என்று நம் பிரசங்கிகள் சொல்லாத ஆண்டில்லை. சொல்லிவிட்டு, வரன் தேடும்போது விளம்பரத்தில் முதல் வரியாகச் சாதியைப் போட்டோம். கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பினோம். மனிதர்கள் ஒருவரோடொருவர் பின்னப்பட்டவர்கள் என்பதுதான் ஹாக்கின் வாதத்துக்கு முதுகெலும்பு. அந்தப் பின்னலைச் சபைக்குள்ளேயே அறுத்துவைத்திருக்கும் நாம் அவருடைய நூலைப் படித்திருந்தால் அது நம்மைச் சும்மா விட்டிருக்காது.

ஹாக்கைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அவரிடம் குறை உண்டு. அவர் கற்பித்ததும் எழுதியதும் ஆங்கிலத்தில். ‘கர்மமும் மீட்பும்’ நூலில் அவர் எதிர்கொண்டது பெரும்பாலும் கர்மக் கோட்பாட்டின் பொது வடிவத்தை. ஆனால் தமிழ்நாட்டில், அவருடைய கல்லூரியிலிருந்து கூப்பிடு தூரத்திலிருந்த கோயில்களில் வழங்கிய சமயம், கர்மத்தோடு நிற்கிற சமயம் அல்ல. மெய்கண்டாரின் வழியில் வந்த சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று மலங்களைச் சொல்லி, அவற்றிலிருந்து உயிரை விடுவிப்பது இறைவன் திருவருள் என்கிறது. வினைக்கு ஏற்ற பலனைக் கூட்டிவைப்பவனும் சிவன். பக்குவம் வந்தபோது குருவாக வந்து ஆட்கொள்பவனும் சிவன். கர்மத்தையும் அருளையும் ஒரே அமைப்புக்குள் வைத்து நூற்றாண்டுக்கணக்கில் வாதித்திருக்கும் ஒரு மரபிடம் ஹாக்கின் கேள்வியைக் கொண்டுபோயிருந்தால் என்ன கிடைத்திருக்கும்! அருள் உண்டு, ஆட்கொள்ளல் உண்டு, ஆனால் இறைவன் உயிருக்காகப் பாடுபடுவது உண்டா? நஞ்சை உண்டு கண்டம் கறுத்தவனைப் பாடும் சைவர் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வார்? கிறிஸ்தவர் அதற்கு என்ன மறுமொழி சொல்வார்? இது தமிழில் மட்டுமே நடக்கக்கூடிய உரையாடல். எடின்பரோவிலிருந்து வந்தவரால் அதைத் தொடங்கிவைக்க முடிந்தது, நடத்த முடியாது. நடத்தியிருக்க வேண்டியவர்கள் தேவாரம் ஒலிக்கும் தெருக்களில் பிறந்து, கூடப் படித்தவர் வீட்டில் பொங்கல் சாப்பிட்டு வளர்ந்த நாம்.

யாருமே முயலவில்லை என்று சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி ஆக்ஸ்ஃபோர்டில் யோவான் சுவிசேஷத்தையும் இந்து பக்தி இலக்கியத்தையும் சேர்த்து ஆராய்ந்தவர். 1927இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதினார். பிறகு கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்தார். சென்னையில் வழக்கறிஞர் வெங்கல் சக்கரை தொழிற்சங்கத்திலும் நகராட்சியிலும் உழைத்துக்கொண்டே இயேசுவை அவதாரக் கோட்பாட்டோடு வைத்துச் சிந்தித்தார். நகரத்தின் மேயராகவும் இருந்தார். பி. செஞ்சையா இன்னொருவர். இவர்களையாவது நாம் படித்தோமா? அப்பாசாமியைப் பேராயர்களின் வரிசைப் படத்தில் மாட்டிவைத்தோம். சக்கரையை வடசென்னைத் தொழிலாளர் வரலாறு எழுதுகிறவர்கள் நினைவில் வைத்திருக்கும் அளவுக்குக்கூடத் திருச்சபை நினைவில் வைக்கவில்லை.

நம் பலம் எங்கே போனது என்று பார்த்தால், பாட்டில் போனது. வேதநாயக சாஸ்திரியார் முதல் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை வரை தமிழ்க் கிறிஸ்தவம் தன் மிகச் சிறந்ததைக் கவிதைக்கும் கீர்த்தனைக்கும் கொடுத்தது. அது பெரிய செல்வம், ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பாட்டில் ‘பாவி நான்’ என்று உருகுவது எளிது. பாவம் என்றால் என்ன, மன்னிப்பு என்றால் என்ன, ஒருவர் பாடு இன்னொருவருக்கு எப்படி உதவும் என்று பக்கத்து வீட்டு நண்பர் நேருக்கு நேர் கேட்டால் உருகல் போதாது. அவரிடம் நாம் ஒரு துண்டுப் பிரதியை நீட்டினோம்.

துண்டுப் பிரதியும் வேண்டாம், எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொல்லிவிடுவோம் என்ற கூட்டமும் நம்மிடையே உண்டு. மத நல்லிணக்க மேடைகளில் நாம் அப்படித்தான் பேசுகிறோம். ஹாக்கிடம் இந்த இரு கூட்டத்துக்கும் பதில் இருந்தது. அவர் காலத்தில் ஜே. என். ஃபர்க்குகார் 1913இல் எழுதிய நூல் பெரும் செல்வாக்குப் பெற்றது. இந்து சமயத்தின் மகுடம் கிறிஸ்து, அதன் ஏக்கங்களெல்லாம் அவரில் நிறைவடைகின்றன என்பது அதன் சாரம். கேட்க இனிமையாக, தாராளமாக இருந்த இந்தக் கருத்தை ஹாக் ஏற்கவில்லை. இந்துக்கள் எதற்காக ஏங்குகிறார்கள் என்பதை நாமே முடிவுசெய்து, அந்த ஏக்கத்துக்கு நாமே விடையும் கொடுப்பது அவர்களைக் கேட்பது ஆகாது என்று அவர் கண்டார். கிறிஸ்து நிறைவேற்றுவதாகச் சொல்லும் தேவையைப் பல சமயம் அவரே முதலில் உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஒற்றுமைகளைத் தேடிப் பொறுக்குவதைவிட, உண்மையில் எங்கே வேறுபடுகிறோமோ அங்கே போய் நின்று, அந்த வேறுபாட்டை இருவருக்கும் முக்கியமான கேள்வியாக மாற்றுவதே நேர்மை. வேறுபாட்டைக் கண்டு பயப்படாத மரியாதை அது. நமக்கு அது பழக்கமே ஆகவில்லை. வேறுபாடு என்றால் சண்டை, மரியாதை என்றால் மழுப்பல் என்று இரண்டே நிலையில் நிற்கிறோம். இன்று மதத்தின் பெயரால் இவ்வளவு வெறுப்பு கொட்டும் நாட்டில், அந்த மூன்றாவது வழியைப் பழகாமல் விட்டது வெறும் கல்விக் குறை அல்ல.

1928 முதல் 1938 வரை ஹாக் கல்லூரியின் முதல்வர். நெரிசலான ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்தின் காட்டு நிலத்துக்குக் கல்லூரி இடம்பெயர்ந்தது அவர் காலத்தில்தான். 1937இல் புதிய வளாகம் திறக்கப்பட்டது. அந்த வளாகத்தின் மரங்களைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்த நிலத்தில் எதை எதை நட்டார்கள் என்பதைக்கூடப் பழைய மாணவர்கள் அன்போடு சொல்வார்கள். அதே வளாகத்தில் 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சீனாவில் நடப்பதாக இருந்தது, ஜப்பானியப் போரால் தாம்பரத்துக்கு வந்தது. மாநாட்டுக்காக ஹாலந்து அறிஞர் ஹென்றிக் கிரேமர் ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். கிறிஸ்துவில் கடவுள் தந்த வெளிப்பாடு வேறு, மற்ற மதங்களெல்லாம் மனிதனின் சொந்த முயற்சி என்று அவர் வலுவாகக் கோடு போட்டார். அதற்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களில் ஹாக் முக்கியமானவர். ஒரு மதத்தின் கோட்பாடுகள் வேறு, அந்தக் கோட்பாடுகளுக்குள் வாழும் ஒருவர் கடவுளைச் சார்ந்து நிற்கும் விசுவாசம் வேறு. கோட்பாடுகளை மறுக்கலாம், ஆனால் இந்துக்களிடம் அந்த உயிருள்ள விசுவாசத்தைத் தான் நேரில் கண்டிருப்பதாகவும், அதைத் தேடல் என்று மட்டும் சொல்லிக் கண்டடைதல் என்று சொல்ல மறுப்பது தன்னால் ஆகாது என்றும் அவர் எழுதினார்.

இந்த வாதம் உலக இறையியலில் பல பத்தாண்டுகள் பேசப்பட்டது. தாம்பரம் என்ற பெயர், ரயில் நிலையப் பலகையைத் தாண்டி, உலகமெங்கும் இறையியல் நூல்களில் ஏறியது. தாம்பரத்தைச் சுற்றியிருக்கும் நம் சபைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களும் கிரேமரின் பெயரையே முதலில் சொல்வோம். பரீட்சைக்குப் படித்தபோது அவர் பெயர்தான் தடித்த எழுத்தில் இருந்தது. நம் ஊரில் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, பக்கத்து வீட்டாரின் பக்தியைக் கண்ணால் கண்டு சாட்சி சொன்னவர் பின்னால் போய்விட்டார்.

ஹாக் ஸ்காட்லாந்துக்குத் திரும்பினார். அங்கே ஆற்றிய விரிவுரைகள் 1947இல் ‘இந்துவுக்குக் கிறிஸ்தவச் செய்தி’ என்ற பொருளுடைய தலைப்பில் நூலாக வந்தன. 1954இல் இறந்தார். அவருடைய இறையியலைப் பற்றி முழு நூல் எழுதியவர் எரிக் ஷார்ப் என்ற ஆங்கிலேயர். 1971இல் அதை அச்சிட்டு வெளியிட்டது இந்தியாவில், நம் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். வெளிநாட்டார் ஒருவர் வந்து நம் கையில் கொடுத்த பிறகும் நாம் புரட்டிப் பார்க்கவில்லை. ஹாக்கின் நூல்களைத் தமிழில் படித்ததாகச் சொன்ன ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

இதற்கெல்லாம் நேரமில்லை என்று நாம் சொல்ல முடியாது. கிறிஸ்துவின் இராஜ்யச் செய்தியைப் பற்றி ஹாக் 1911இல் எழுதிய இன்னொரு நூல், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கும்படி, வேதபாட வட்டங்களுக்கென்றே அமைக்கப்பட்டது. நம் வாலிபர் ஐக்கியங்களுக்கும் பெண்கள் ஐக்கியங்களுக்கும் ஆண்டுதோறும் எங்கிருந்தெல்லாமோ பாடத்திட்டம் தருவிக்கிறோம். லெந்து நாட்களில் நாற்பது நாள் தியானப் புத்தகம் அச்சிடுகிறோம். அந்தப் பட்டியலில் சென்னையில் எழுதப்பட்ட ஒரு புத்தகத்தைச் சேர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ‘கர்மமும் மீட்பும்’ பெரிய நூலும் அல்ல; தமிழில் பெயர்த்துவிடலாம், இறையியல் தெரிந்த ஒருவரும் நல்ல தமிழ் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் போதும். பெயர்த்து முடித்ததும், சைவ சித்தாந்த நூலான சித்தியாரைப் படித்த சைவ அன்பர் ஒருவரிடம் கொடுத்து, அவர் மறுப்பையும் அதே புத்தகத்தில் பின்னிணைப்பாகப் போட வேண்டும். மறுப்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஒரு வரிகூட வெட்டாமல் போட வேண்டும்.